வேலூரா, வாணியம்பாடியா, ஆம்பூரா: வாடகை வீடு தேடிய இரண்டு நாள்

இந்த வருஷம் மே மாதம் இரண்டு நாள் வட ஆற்காடு ஜில்லாவில் மூன்று ஊர்களுக்குப் போய் வந்தேன். கோட்டை பார்க்கவோ கோயில் பார்க்கவோ போகவில்லை. பி.ஏ. தேறியபின் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் மூன்றுக்குத்தான் பதில் வந்தது. மூன்றும் பெண்கள் பள்ளிக்கூடங்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை, நிபந்தனையிலும் வித்தியாசமில்லை. கல்யாணமாகாத உபாத்தியாயினி கௌரவமான வீடொன்றில் குடியிருக்க வேண்டும். இடம் தருவதாக அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தை ஜூன் முதல் தேதிக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் இல்லையென்றால் வேலை இல்லை.

என்னைப் போல முதல் உத்தியோகத்துக்கு வெளியூர் கிளம்பும் பெண்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் மணி, மைல், கட்டணம் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். பயந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இப்படிப் பயமாக இருக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தனியாக ரயிலேறும் பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. என் அப்பா மாதவரத்தில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறார். நாங்கள் குடியிருப்பது அந்த ஷாப்பின் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். காலேஜ் ஹாஸ்டலில் இருந்த நான்கு வருஷமும் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனால் வீடு கேட்டுப் போகிறவளை விசாரிக்காமல் யார் விடுவார்கள்? (அச்சுக்கு எழுதும்போது இந்த வரிகளை இரண்டு முறை அடித்தேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.)

காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் ரயில். காட்பாடிக்கு எண்பத்தொரு மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பதினோரு அணா. பெண்கள் வண்டி கார்டு வண்டியை ஒட்டி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்களும் அங்கேயே ஏறுங்கள். கூட்டம் அதிகம், ஆனால் சத்தம் போட்டால் கார்டுக்குக் கேட்கும். அரக்கோணத்தில் ஏறிய ஓர் அம்மாள் எதிரில் உட்கார்ந்து என் காதையும் கழுத்தையும் பார்த்தாள். பிறகு துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டாள். அண்ணன் அடுத்த வண்டியில் இருக்கிறான் என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. அன்று நான் சொன்ன முதல் பொய் அது.

பதினொன்றரைக்குக் காட்பாடி. அங்கிருந்து வேலூருக்குப் பாலாற்றைக் கடந்து ஐந்து மைல். ஜட்காவில் நாலு பேராகப் போனால் ஆளுக்கு இரண்டு அணா. கத்திரி வெயில். ஆற்றில் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். நடுவில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். வண்டிக்காரர் நான் கேட்காமலே ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்: வேலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜெயில் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, தண்ணீர் மட்டும் கம்மி. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். டீச்சர் வேலைக்கு என்றேன். மற்ற மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அதன்பின் வேலூர்க் கொசப்பேட்டை வரும்வரை குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

ஊர் என்ற முறையில் வேலூருக்கு நிறைய மார்க்குப் போடலாம். தெருக்கள் அகலம். கோட்டை அகழியைச் சுற்றி மாலையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். ஒரு பெண் தனியாக நடந்தாலும் நர்ஸ் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புத்தகக் கடை உண்டு, தபால் இரண்டு வேளை வருகிறது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் புதியவை. எனக்குக் கிடைத்த இடம் ஓய்வு பெற்ற கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் வீட்டில் ஓர் அறையும் சமையலுக்குத் தாழ்வாரமும். மாதம் மூன்றரை ரூபாய்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இந்த ஊர்களில் யாரும் நேராக என்ன ஜாதி என்று கேட்பதில்லை. அது மரியாதையில்லை. தெருவைக் கேட்கிறார்கள்.

“மெட்ராஸ்ல எந்தத் தெரும்மா?”

அவள் குரலில் ஒரு கடுமையும் இல்லை. என் சிநேகிதி ஒருத்தி புரசைவாக்கத்தில் இருக்கிறாள், தீபாவளிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அந்தத் தெருப் பெயரைச் சொன்னேன். வெள்ளாளத் தெரு.

அவ்வளவுதான். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. நீர்மோர் வந்தது. அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையும் அந்தப் பக்கந்தானாம். அடுத்த முறை வரும்போது அவளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். குமாஸ்தா அழகான எழுத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மோரைக் குடிக்கும்போது டம்ளர் பல்லில் தட்டிச் சத்தம் போட்டது. அந்தத் தங்கை வெள்ளாளத் தெருவில் என்னைப் பற்றி விசாரிக்க எத்தனை நாளாகும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அன்று இரவு காட்பாடி ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறையில் படுத்தேன். காவலுக்கு ஆயா உண்டு, இரண்டு அணா கொடுக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. பெட்டியை நகர்த்தி அண்டக் கொடுங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ரயில். வாணியம்பாடிக்கு நாற்பத்திரண்டு மைல், பதினாலு அணா. ஆம்பூரைத் தாண்டித்தான் போகிறது. முதலில் தூரத்து ஊர், திரும்பும்போது ஆம்பூர் என்று திட்டம்.

வாணியம்பாடியில் இறங்கியதும் வாசனை வந்தது. மற்ற பிரயாணிகள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது வீட்டு வாசனை. பொத்தாமல் நின்றால் சந்தேகப்படுவார்களோ என்று நானும் பொத்திக்கொண்டேன். ஊர் சுறுசுறுப்பானது, தோல் வியாபாரத்தில் செழித்தது. கடைத்தெருவில் பாதிப் பேச்சு உருதுவில். பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே. உருது தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை, தலைமை உபாத்தியாயினி மிகவும் அன்பானவர். ஆனால் பார்த்த இரண்டு வீட்டிலும் ஆண்பிள்ளை பெயரில்தான் இடம் எழுதிக் கொடுப்போம் என்றார்கள். அப்பா நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். சுண்ணாம்பு தின்ற அந்த விரல்களைப் பார்த்தால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது வீட்டுச் சுவரில் என் தலைக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. பழைய வெள்ளம் நின்ற உயரம் என்றார்கள். அந்தக் கோட்டைக் காரணமாகச் சொல்லி நழுவிவிட்டேன்.

அங்கிருந்து ஆம்பூருக்குப் பத்து மைல். மோட்டார் பஸ், மூன்று அணா. பகல் ஒரு மணிக்கு இறங்கினேன். பள்ளிக்கூடத்துக் காரியதரிசி ஐம்பது வயதுக்காரர். சரிகைத் தலைப்பாகை, நல்ல மனிதர். வெயிலில் நான் நடக்கக் கூடாது என்று ஜட்கா வைத்துக்கொண்டு வந்திருந்தார். வழியில் பி.ஏ.யில் என்ன பாடம் என்று கேட்டு, சரித்திரம் என்றதும் சந்தோஷப்பட்டார். இதுவரை அந்தப் பள்ளிக்கு பி.ஏ. படித்த பெண் ஒருத்தியும் வந்ததில்லையாம்.

அவர் பார்த்து வைத்திருந்த இடம் ஜைனப் பீ என்ற விதவையின் வீட்டுப் பின்கட்டு. அவளுடைய கணவரின் அண்ணன்தான் வீட்டுப் பெரியவர். ஹாஜியார் என்று அழைக்கிறார்கள். கடிதத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டியே அவருடைய தோல் ஷாப்பு. ஜைனப் பீ கோஷா, அந்நிய ஆண்கள் முன் வரமாட்டாள். அதனால் காரியதரிசியும் ஹாஜியாரும் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், கிண்டல்காரி. அறையைக் காட்டினாள்: ஒரு ஜன்னல், ஓர் அலமாரி, கொடியில் வெள்ளைத் துணிகள். வாடகை இரண்டே முக்கால். தெருவைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. கோழி வளர்ப்பேனா என்றுதான் கேட்டாள். பிறகு கிணற்றில் இரும்பு வாளியை விட்டு இறைத்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தேன். நாக்கு உள்ளே சுருங்கியது. வாளியைப் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு உட்புறம் மை பூசினாற்போல் கறுப்பு. கொடியிலிருந்த வெள்ளைத் துணிகளிலும் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. மேலே நிமிர்ந்தேன். இலை விழுந்து ஊறித் தண்ணீர் கறுக்க அந்த முற்றத்தில் ஒரு மரமும் இல்லை.

“இது பட்டைத் தண்ணி” என்றேன்.

சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டையை ஊறப்போட்ட குழிகளில்தான் தோலைப் பதப்படுத்துகிறார்கள். என் சிறுவயதில் அப்பா அந்தக் குழித் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டு வருவார். துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வைத்தால் மறுநாள் மை தயார். எங்கள் வரிசையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் யாரும் கடை மை வாங்கியதில்லை. பட்டைத் தண்ணீர் பட்ட இரும்பு கறுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளாளத் தெருப் பெண்ணுக்கு இது தெரிய நியாயமில்லை.

ஜைனப் பீ என்னையே பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள்.

“ரெண்டு வருசமா சொல்றேன், தண்ணி சரியில்லேன்னு. வாளியில சைத்தான் இருக்குதுன்னு தாயத்து கட்னாங்க. வாளி மாத்துனாங்க. கிணத்தைச் சுத்தி ஓதுனாங்க. திரைக்குப் பின்னாடி இருந்து சொன்னா யாருக்குக் காதுல விழுது? இன்னும் ரெண்டு வருசம் இதுல குளிச்சேன்னா என்னையே மெட்ராஸ் மண்டியில தோலுன்னு வித்துடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. டம்ளரை எடுத்துப் போய் வெளியே இருக்கிறவர்களிடம் சொல் என்றாள். அந்நிய ஆண் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவள் வர முடியாது.

முடியாது என்றேன். சொன்னால் ஹாஜியார் கையெழுத்திட மாட்டார். சொன்னால் காரியதரிசிக்கு நான் யார் என்று தெரிந்துவிடும். கைப்பையில் வேலூர்க் கடிதம் இருக்கிறது. பேசாமல் போனால் அதுவாவது மிஞ்சும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது என்று மட்டும் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. டம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“எனக்குத் துணியில திரை. உனக்கு இன்னா திரை, டீச்சரம்மா?”

கைப்பையைக் கீழே வைத்தேன். பிறகு நானே இன்னொரு கண்ணாடி டம்ளர் கேட்டேன். பள்ளிவாசல் தெருக் குழாயிலிருந்து பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரை அதில் ஊற்றினேன். ஜன்னல் சட்டத்தில் துருப்பிடித்த ஆணிகள் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டைப் பிடுங்கி டம்ளருக்கு ஒன்றாகப் போட்டேன். கால் மணி நேரம் அறையைப் பார்ப்பதுபோல் உள்ளேயே இருந்தோம். குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஆணியைச் சுற்றிச் சாம்பல் நிறமாகி, அப்புறம் கறுக்கத் தொடங்கியது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு திரையைத் தாண்டினேன். ஹாஜியார் கையில் பேனா இருந்தது. காரியதரிசி ஏற்கெனவே எழுதி வைத்த கடிதம் அவர் முன்னால் இருந்தது. நான் டம்ளர்களை மேஜைமேல் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னேன். கேட்கவில்லை என்றார் ஹாஜியார். மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை என் குரல் எனக்கே அந்நியமாகக் கூடத்தில் முழங்கியது. கிணற்றில் பட்டைக் குழித் தண்ணீர் கலக்கிறது என்றும், என் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் என்றும், அதனால் தெரியும் என்றும் சொன்னேன்.

காரியதரிசி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒரு விரற்கடைதான். எனக்குத் தெரிந்தது.

ஹாஜியார் டம்ளரை எடுத்து முகர்ந்தார். “எங்க வேலை?”

“மாதவரம்.”

“சுண்ணாம்பா, பட்டையா?”

“சுண்ணாம்பு.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. காரியதரிசி ஜட்காவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்து மூலையில் நின்றேன். மெட்ராஸ் ரயில் ஐந்து இருபதுக்கு. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை, மூன்றே முக்கால், நாலு. பொய் சொல்லி வாங்கியது ஒன்று, உண்மை சொல்லி இழந்தது ஒன்று என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. திரைக்குப் பின்னாலிருந்து ஜைனப் பீ மெதுவாக, உட்கார், கால் வலிக்கப் போகிறது என்றாள். உட்காரத் தைரியமில்லை.

நாலேகாலுக்கு ஹாஜியார் வந்தார். லுங்கி முழங்கால்வரை பழுப்பாக நனைந்திருந்தது.

“கிழக்கு மூலைக் குழி ஒடஞ்சிருக்குது” என்றார், என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்து. “தண்ணி நிக்கலே. தோலு வெளுத்து வருதுன்னு ஆளுங்களைத் திட்டிக்கினு இருந்தேன், பட்டை ஜாஸ்தி போடுங்கடான்னு. எல்லாம் உன் கிணத்துக்குப் போயிருக்குது.”

திரைக்குப் பின்னாலிருந்து ஜைனப் பீயின் குரல் வந்தது: “ரெண்டு வருசத்துப் பட்டைக்குக் காசு கேக்கப் போறீங்களா, பாய்?”

அவர் உட்கார்ந்து கையெழுத்திட்டார். காகிதத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே, கிணற்றைக் காட்டிக் கொடுத்ததற்காக வாடகையில் கம்மி பண்ணமாட்டேன் என்றார். ஜைனப் பீ கறுத்த தண்ணீரை ஆணியோடு ஒரு புட்டியில் ஊற்றி, திரைக்குக் கீழாக நகர்த்தினாள். மை வாங்கும் காசு மிச்சம் என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது காரியதரிசி வண்டிக்காரர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். வரும்போது என் எதிரில் உட்கார்ந்து சரித்திரம் பேசியவர் அவர். இறங்கும்போது, பள்ளிக் கமிட்டிக்கு எழுதுகிறேன் என்றார். கமிட்டி என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை. ஆம்பூரிலிருந்து மெட்ராஸுக்கு இரண்டு ரூபாய் ஆறு அணா.

இனி உங்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன். பெரிய ஊரின் வசதி, தபால், புத்தகம், வைத்தியம் வேண்டுமென்றால் வேலூர். ஆனால் தண்ணீருக்கு மாதம் முக்கால் ரூபாய் தனியாக வையுங்கள். அங்கே தெருவைக் கேட்பார்கள். உருது தெரிந்தால், குடும்பத்தில் கையெழுத்திட ஆண்பிள்ளை இருந்தால் வாணியம்பாடி; ஆற்றை ஒட்டிய வீட்டை மட்டும் எடுக்காதீர்கள். வாடகை மலிவு, நல்ல இறைச்சி, ஸ்டேஷன் நடக்கும் தூரம் இவைதான் முக்கியம் என்றால் ஆம்பூர். வாசனை பதினைந்து நாளில் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகத் தேவையில்லை. எந்த ஊரானாலும் வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், வாளியின் உட்புறத்தைப் பாருங்கள்.

ஆம்பூர்க் கடிதத்தைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வேலூர்க் கடிதம் பெட்டியிலேயே இருந்தது. தபால்காரர் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றேன். ஆறாம் நாள் அந்தப் புட்டித் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, அந்த மையால் வேலூர் அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் தெரு வெள்ளாளத் தெரு அல்ல, மாதவரம் தோல் ஷாப்பு வரிசை. இது தெரிந்தபிறகும் இடம் கொடுப்பதாக இருந்தால் தயவுசெய்து எழுதவும் என்றேன். அப்போது ஆம்பூரிலிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் ஆம்பூர் உத்தரவு வந்தது. கமிட்டியின் மனம் மாறிவிட்டதென்று நான் நினைக்கவில்லை. பி.ஏ. படித்த பெண் வேறு யாரும் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டாள். இதை ஜைனப் பீயின் பின்கட்டிலிருந்து எழுதுகிறேன். குழியை அடைத்துவிட்டார்கள், கிணறு இன்னும் தெளியவில்லை. காரியதரிசி பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பாதி தூரத்திலேயே நின்று பேசுகிறார். வாசலில் யாராவது கூப்பிட்டால் எனக்கு இன்னும் திக்கென்று இருக்கிறது.

வேலூரிலிருந்து பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியபோது எழுத்து மங்கலாகத்தான் இருந்தது. படிக்கவே முடியாதோ, திரும்ப எழுத வேண்டுமோ என்று பயந்தேன். மறுநாள் காலை தபாலில் போடும்முன் பிரித்துப் பார்த்தேன். நன்றாகக் கறுத்திருந்தது.